திரையின் மைலேஜும் கைக்கணக்கும் ஒத்துப்போகாத கார்: அறிகுறி வாரியாகப் பிழை காணும் முறை

டேஷ்போர்டுத் திரையில் சராசரி 19.6 என்று காட்டுகிறது, டேங்க்கை நிரப்பிக் கணக்குப் போட்டால் 17 தான் வருகிறது, என்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்ற வேண்டுமா என்ற கேள்வியோடு எங்கள் பட்டறைக்கு மாதந்தோறும் சிலராவது வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் காரில் பழுதே இருப்பதில்லை; பிழை டேங்க்கை நிரப்பிய விதத்திலோ டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிய நேரத்திலோதான் இருக்கிறது. ஆனால் மீதமுள்ள சிலரின் காரில் உண்மையாகவே எரிபொருள் எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டு வகையையும் பிரித்தறியாமல் இன்ஜெக்டரைக் கழற்றுவது வீண்செலவு என்பதால், ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணத்தில் முடியும்படி இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: ஒப்பிடத் தகுந்த கணக்கு

கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதானாலும் முதலில் குறைந்தது மூன்று முழு டேங்க்குகளின் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒரே பங்க்கில், முடிந்தால் அதே நாசிலில், காரை அதே திசையில் சமதளத்தில் நிறுத்தி, நாசில் தானாக முதல் முறை நின்றவுடன் நிரப்புவதை நிறுத்திவிடுங்கள். ஓடிய தூரத்தை எண்ணும் டிரிப் மீட்டர் பெரும்பாலும் ஏ, பி என இரண்டு இருக்கும். டிரிப் ஏ-யை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பூஜ்யமாக்குங்கள். டிரிப் பி-யை முதல் நிரப்புதலில் ஒருமுறை பூஜ்யமாக்கியபின் தொடவே வேண்டாம். நிரப்பிய லிட்டரை ரசீதில் உள்ளபடி இரண்டு தசம இடம் வரை எழுதிக்கொள்ளுங்கள். ரூபாயைக் கொண்டு தோராயமாக லிட்டரைக் கணக்கிடாதீர்கள்.

முடிவில் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்து வரும் எண்ணைத் திரையின் டிரிப் பி சராசரியோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு டேங்க்கின் மைலேஜையும் தனித்தனியே கண்டுபிடித்து, அந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு. ஒரு டேங்க் 400 கிலோமீட்டருக்கு 20 லிட்டரும், அடுத்தது 150 கிலோமீட்டருக்கு 15 லிட்டரும் ஆனால் இரண்டு மைலேஜ்களின் சராசரி 15 என்று வரும். உண்மையில் கிடைத்ததோ 550-ஐ 35-ஆல் வகுத்த 15.7. முதல் நிரப்புதலின் லிட்டரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தொடக்கக் கோடு மட்டுமே.

அறிகுறி 1: ஒரு டேங்க்கில் திரை அதிகம், அடுத்த டேங்க்கில் கைக்கணக்கு அதிகம்

இது காரின் பழுதாக இருப்பது மிகவும் அரிது. இடைவெளி ஒரு முறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சாய்ந்தால், டேங்க் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்துக்கு நிரம்பவில்லை என்றே பொருள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த டைரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்க நிரப்புதலுக்குப் பின் முதல் டேங்க்கில் 388 கிலோமீட்டருக்கு 21.10 லிட்டர், அதாவது 18.39. இரண்டாவதில் 402 கிலோமீட்டருக்கு 24.90 லிட்டர், அதாவது 16.14. அந்த டேங்க்கில் திரை 18.7 காட்டியதால் பதற்றத்தோடு வந்துவிட்டார். அந்த ஒரு டேங்க்கை மட்டும் பார்த்தால் இடைவெளி ஏறக்குறைய 16 சதவீதம். யாராயிருந்தாலும் பதறத்தான் செய்வார்கள். எதையும் கழற்றாமல் இன்னொரு டேங்க் ஓட்டிவிட்டு வாருங்கள் ஐயா என்று அனுப்பிவைத்தேன். மூன்றாவதில் 395 கிலோமீட்டருக்கு 20.00 லிட்டர்தான் பிடித்தது, அதாவது 19.75. மூன்றையும் சேர்த்தால் 1,185 கிலோமீட்டருக்கு 66 லிட்டர், 17.95. டிரிப் பி காட்டிய சராசரி 18.8. உண்மையான இடைவெளி ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. இரண்டாவது முறை அவர் வேறு பங்க்கில் நிரப்பியிருந்தார். நாசில் நின்றபிறகும் ஊழியர் தொகையை முழு எண்ணாக்க மூன்று நான்கு முறை அழுத்தியிருந்தார். அந்தக் கூடுதல் இரண்டரை லிட்டர் அளவு பெட்ரோல் எங்கும் போகவில்லை, டேங்க்கின் கழுத்தில் இருந்தது. அடுத்த நிரப்புதலில் அந்த அளவு குறைந்தது.

சரிபார்க்க வேண்டியவை: ஒரே பங்க்கா, முதல் நிறுத்தத்தோடு நின்றதா, தரை சாய்வாக இருந்ததா. நாசிலை முழுவேகத்தில் திறந்தால் நுரை எழும்பிச் சீக்கிரமே நின்றுவிடும், மெதுவாகத் திறந்தால் கூடுதலாகப் பிடிக்கும்; ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் நிரப்பச் சொல்லுங்கள். முதல் நிறுத்தத்துக்குப் பிறகும் அழுத்தி நிரப்புவதால் கணக்கு கெடுவதோடு, பெட்ரோல் ஆவியை உறிஞ்சிவைக்கும் கரி டப்பாவுக்குள் திரவப் பெட்ரோலே புகுந்து அதைக் கெடுத்துவிடவும் கூடும். அதிகாலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது நிரப்பினால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காக நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. பங்க்கின் டேங்க் நிலத்தடியில் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் அதன் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை.

மெக்கானிக்கை அழைக்க வேண்டிய கட்டம்: இந்த அறிகுறிக்கு அப்படி ஒன்று இல்லை. ஐந்து டேங்க் ஆனபிறகும் மொத்தக் கணக்கு நிலைக்கு வரவில்லையென்றால் அறிகுறி 3-க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 2: திரை எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு கூடுதலாகக் காட்டுகிறது

திரை எரிபொருளை அளப்பதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. ஆகவே ஒவ்வொரு காரிலும் ஒரு நிலையான சாய்வு இருப்பது இயல்பு. அது பெரும்பாலும் ஓட்டுநருக்கு மகிழ்ச்சி தரும் பக்கமாகவே இருக்கிறது.

*இடைவெளி ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால்:* எதையும் செய்ய வேண்டாம். உங்கள் காருக்கான திருத்த எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் காரில் 17.95-ஐ 18.8-ஆல் வகுத்தால் 0.955 வருகிறது, இனித் திரை 20 காட்டினால் அவருக்குக் கிடைப்பது 19.1 என்று எடுத்துக்கொள்ளலாம். சில பழைய பி.எம்.டபிள்யூ. மாடல்களின் மறைவான மெனுவில் இந்தத் திருத்த எண்ணை உள்ளிட வழி உண்டு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் உரிமையாளர் தொடக்கூடிய அத்தகைய வசதி இல்லை.

*ஐந்து முதல் பத்து சதவீதம் வரை இருந்தால்:* முதலில் திரையின் அமைப்புகளைப் பாருங்கள். டேங்க்கை நிரப்பியவுடன் சராசரியைத் தானாகப் பூஜ்யமாக்கும் கார்கள் உண்டு. என்ஜினை அணைத்துச் சில மணி நேரம் ஆனபின் புதிய பயணமாகத் தொடங்கும் கார்களும் உண்டு. அப்படி இருந்தால், நெடுஞ்சாலையில் கடைசியாக ஓட்டிய 80 கிலோமீட்டரின் சராசரியை நகரத்துக்குள் ஓட்டியதையும் சேர்த்த 400 கிலோமீட்டரின் கைக்கணக்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்ததாகப் பங்க்கின் அளவைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிடப்பட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டும்படி வாடிக்கையாளர் கேட்கலாம். 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரைதான் வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது, அதாவது அரை சதவீதம். ஆகவே முத்திரை செல்லுபடியாகும் ஒரு பம்ப்பின் மேல் எட்டு சதவீத இடைவெளியைச் சுமத்த முடியாது. குவளையில் அதற்கு மேல் குறைந்தால் வேறு பங்க்குக்கு மாறி மூன்று டேங்க் பாருங்கள். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

மெக்கானிக்கை அழைக்க வேண்டிய கட்டம்: ஒரே பங்க்கில் முறையாக நிரப்பி மூன்று டேங்க் பார்த்தபிறகும் இடைவெளி பத்து சதவீதத்தைத் தாண்டி நின்றால், அடுத்த அறிகுறியில் உள்ள ஸ்கேனர் சோதனைக்கு நேராகச் செல்லுங்கள்.

அறிகுறி 3: முன்பு ஒத்துப்போனது, சில வாரங்களாக இடைவெளி விரிகிறது, திரை மாறவில்லை, கைக்கணக்கு இறங்குகிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திரை பழைய எண்ணையே காட்டும்போது டேங்க்கிலிருந்து கூடுதலாகக் குறைகிறது என்றால், இன்ஜெக்டரின் கணக்குக்குள் வராத ஒரு வழியில் எரிபொருள் வெளியேறுகிறது. டிராஃபிக்கில் ஏ.சி. போட்டு நின்றதால் ஆகியிருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நின்றபடி எரியும் பெட்ரோலும் இன்ஜெக்டர் வழியாகவே போவதால் அது திரையிலும் கைக்கணக்கிலும் சேர்ந்தே தெரியும், இடைவெளியை விரிக்காது.

*முதலில் மூக்கு, பிறகு டார்ச்.* இரவு நிறுத்திய காரைக் காலையில் எடுப்பதற்கு முன் பின்பக்கமாகச் சுற்றிவந்து பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வந்த ஒன்பது வயதான ஹேட்ச்பேக் ஒன்றில் டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது எந்த வாடையும் இல்லை, தரையில் ஒரு சொட்டும் இல்லை. முழுவதும் நிரப்பி வரச்சொல்லி லிஃப்டில் ஏற்றினேன். பின்சக்கரத்தின் மேல் வளைவுக்குள், மூடியிலிருந்து டேங்க்குக்குப் போகும் ரப்பர் குழாய், கிளாம்ப்பை ஒட்டி மயிரிழை போல வெடித்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் புழுதி கறுப்பாக, ஈரமாக, விரலில் ஒட்டும் பசைபோல் படிந்திருந்தது. டேங்க் நிரம்பியிருந்த முதல் நூறு கிலோமீட்டருக்கு மட்டும், வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அங்கிருந்து கசிந்து, சொட்டாகத் தரையில் விழும் முன்பே சக்கரத்தின் காற்றில் ஆவியாகியிருக்கிறது. மாற்றியது குழாய் ஒன்று, கிளாம்ப் இரண்டு. அடுத்த டேங்க்கிலேயே இடைவெளி பழைய நிலைக்கு வந்தது. அதற்கு முன் வேறொரு பட்டறையில் இன்ஜெக்டர் நான்கையும் சுத்தம் செய்ய அந்த ஹேட்ச்பேக்கின் உரிமையாளரிடம் பணம் வாங்கியிருந்தார்கள்.

ஈரத்தையோ வாடையையோ கண்டால் காரை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ நிறுத்தாதீர்கள். அருகில் தீக்குச்சி, பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. அந்த நிலையில் நீங்களே கிளாம்ப்பை முறுக்கிப் பார்க்கவும் வேண்டாம். மெக்கானிக்கை அழைக்க வேண்டிய கட்டம் அதுதான்.

*வாடை இல்லையென்றால்:* வேறொருவர் ஓட்டும் வண்டியாக இருந்தால், பெட்ரோல் வெளியே எடுக்கப்படுகிறதா என்பதையும் எண்ணிப்பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு டேங்க் கணக்கை வைத்து யார்மீதும் பழி போடாதீர்கள். அறிகுறி 1-இல் சொன்ன ஆசிரியரின் இரண்டாவது டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களே நிரப்பி, நீங்களே இரண்டு டேங்க் ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்வதே நியாயம்.

*பிறகு ஸ்கேனர்.* ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினியைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் போதும். என்ஜின் நன்றாகச் சூடானபின் 'லாங் டர்ம் ஃபியூவல் டிரிம்' என்ற எண்ணை, அதாவது என்ஜின் கணினி எரிபொருள் அளவைத் தொடர்ந்து எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது என்பதை, பாருங்கள். பொதுவாக இது கழித்தல் 10-க்கும் கூட்டல் 10-க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. கழித்தல் 12, கழித்தல் 15 என்று இறங்கியிருந்து, திரையும் கைக்கணக்கைவிட அதிகமாகக் காட்டினால், கணக்கிட்டதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் உள்ளே போகிறது. என்ஜின் கணினி இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்து ஈடுகட்டப் பார்க்கிறது. அந்தக் குறைந்த நேரத்தைத்தான் திரை எண்ணிக்கொண்டிருக்கிறது. காரணங்களை இந்த வரிசையில் தேடச் சொல்லுங்கள்: கரி டப்பாவிலிருந்து ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பது, எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் கெட்டு அழுத்தம் ஏறியிருப்பது, மூடியபிறகும் ஒழுகும் இன்ஜெக்டர்.

என்ஜின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்து, மட்டமும் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் காரை ஓட்டாமல் வண்டியேற்றி அனுப்புங்கள். மசகுத்தன்மை போன ஆயிலில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பேரிங்கைத் தேய்க்கும்.

அறிகுறி 4: திரை குறைவாகக் காட்டுகிறது, கைக்கணக்கு அதிகமாக வருகிறது

இப்படிப் புகார் சொல்லி வருபவர் குறைவு. வரும் எண் இனிப்பாக இருப்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. முதல் காரணம் கடைசி நிரப்புதல் குறைவாக நின்றுபோனது; அறிகுறி 1-இன் சோதனைகளே போதும். மூன்று டேங்க்குக்குப் பிறகும் தொடர்ந்தால் ஸ்கேனரைச் செருகுங்கள்.

டிரிம் கூட்டல் 10-ஐத் தாண்டியிருந்து, திரையும் கைக்கணக்கைவிடக் குறைவாகக் காட்டினால், இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது அல்லது எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கிறது: கணினி நீண்ட நேரம் திறக்கிறது, பெட்ரோலோ அந்த அளவு வருவதில்லை. எரிபொருள் ஃபில்டரை முதலில் பாருங்கள், பிறகு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், அதன்பிறகே இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வது. டிரிம் கூட்டலில் இருந்தும் திரையும் கைக்கணக்கும் ஒத்துப்போனால் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம். காற்று எங்கோ கணக்கில் வராமல் உள்ளே நுழைகிறது, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கேறியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தாலே பட்டறையில் வீண்வேலைக்கான பணம் மிச்சமாகும்.

அறிகுறி 5: இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆனால் டயர் மாற்றியபின் மைலேஜ் திடீரென உயர்ந்தது

மகிழ்ச்சியடையும் முன் தூரத்தைச் சரிபாருங்கள். திரையும் கைக்கணக்கும் ஒரே ஓடோமீட்டரையே நம்புவதால், அது பிழையானால் இரண்டும் சேர்ந்தே பிழைபட்டு அழகாக ஒத்துப்போகும்.

165/80 ஆர்14 டயரின் விட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். அகலமாக இருக்கட்டும் என்று அதற்குப் பதிலாக 185/65 ஆர்14 போட்டால் விட்டம் 596-ஆகக் குறைகிறது. சக்கரம் கூடுதலாகச் சுற்றுவதால் உண்மையில் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 1,040 வரை விழும். புதிய டயரின் 8 மில்லிமீட்டர் பள்ளம் சட்டம் அனுமதிக்கும் 1.6 வரை தேய்ந்தாலும் விட்டத்தில் 2 சதவீதம் குறையும். ஆகவே தேய்ந்த டயரைக் கழற்றி அதே அளவில் புதியது போட்டால் மைலேஜ் சற்று இறங்கியதுபோல் தெரிவதும் பழுதல்ல.

நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லுக்கு நேரே டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி இருபதாவது கல் வரை ஓட்டிப் பாருங்கள். அல்லது கைப்பேசியின் ஜி.பி.எஸ். செயலியில் நீண்ட, நேரான சாலையில் தூரத்தை ஒப்பிடுங்கள். வேகமானியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி என்பதால் அதைக் கூட்டியே காட்டும்படி அமைக்கிறார்கள். ஓடோமீட்டருக்கு அந்தச் சாய்வு இல்லை.

அறிகுறி 6: இரண்டும் ஒத்துப்போகின்றன, இரண்டும் சேர்ந்து இறங்கிவிட்டன

மீட்டரில் பிழை இல்லை; கார் உண்மையாகவே கூடுதலாகக் குடிக்கிறது. டயர் காற்றை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். அடுத்து, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவந்து நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மெக்கானிக்கை உடனே அழைக்க வேண்டும். வெப்பமானி முள் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றால், என்ஜின் குளிர்நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது. ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் அதற்குப் பிறகு.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் குறைவு என்பதால் இறக்கம் உண்மையானதே. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே, இ10-க்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ10-க்காக வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் இறங்கலாம் என்று மதிப்பிட்டது. ஆனால் கணினி இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டுவதால் இந்த இறக்கம் திரையிலும் தெரியும். திரைக்கும் கைக்கணக்குக்கும் இடையிலான பெரிய இடைவெளிக்கு எத்தனாலைக் காரணம் சொல்ல முடியாது.

அறிகுறி 7: வெளிப் பட்டறையில் எரிவாயு கிட் பொருத்திய காரில் திரையின் எண் பொருளற்றுப்போனது

பழுதல்ல. எரிவாயுவில் ஓடும்போதும் பெட்ரோல் இன்ஜெக்டருக்கான கட்டளையையே காரின் கணினி எண்ணிக்கொண்டிருக்கிறது. எரிவாயுவைக் கிலோ கணக்கில் எழுதிக் கைக்கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜின் பெட்ரோலில் தொடங்கிச் சூடானபின்தான் எரிவாயுவுக்கு மாறும் என்பதால், குட்டிப் பயணங்களில் பெட்ரோலும் கணிசமாகக் குறையும். அதையும் தனியே எழுத வேண்டும்.

அறிகுறி 8: 'இன்னும் 60 கிலோமீட்டர்' என்று காட்டியபின் சட்டென 20-க்கு இறங்குகிறது

மீதித் தூரம் கடைசியாக ஓட்டிய சில பத்துக் கிலோமீட்டர்களின் மைலேஜை வைத்துச் சொல்லப்படுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் அது கரைவது இயல்பு. சமதளத்தில், ஒரே சீராக ஓட்டும்போதும் தாவித்தாவி இறங்கினால், எரிபொருள் முள்ளைக் கவனியுங்கள்: அதுவும் ஒரே இடத்தில், ஒவ்வொரு டேங்க்கிலும் அதே மட்டத்தில் குதித்தால் டேங்க்குக்குள் இருக்கும் மிதவைச் சென்சார் தேய்ந்திருக்கிறது. அதைக் கழற்ற டேங்க்கின் மேல்மூடியைத் திறக்க வேண்டும் என்பதால் வீட்டில் செய்யும் வேலையல்ல. சென்சார் மாறும்வரை கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டுங்கள்.